போட்டோ எடுத்தவள்

என் வாய் இருக்கிறதே, அதற்குத்தான் முதல் உதை கொடுக்க வேண்டும். அது மட்டும் சும்மா இருந்திருந்தால் ஹெலன் அந்தப் படத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நாங்கள் நான்கு பேர் ஒரே டேபிள். ஹெலன், ஜெனிபர், குணசுந்தரி, அப்புறம் நான். பெயர் லோகேஸ்வரி, லோகு என்றால்தான் திரும்புவேன். நாலு பேருமே கான்ட்ராக்ட், சாம்பல் கலர் கோட்டு. பர்மனெண்ட் ஆனால் நீல கோட்டு. எங்கள் டேபிளில் ஒருத்திக்கு அடுத்த மாதம் நீலம் என்று பேச்சு அடிபட்டது. அது ஹெலனுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷத்தில் ஒரு நாள் கூடச் சொல்லாமல் லீவு போட்டவள் இல்லை.

அப்போது பார்த்துப் பொன்னேரிக்கு அந்தப் படம் வந்தது. காமிக்ஸ் புத்தகத்திலிருந்து எடுத்த இங்கிலீஷ் சண்டைப் படம், தமிழில் பேசும். நான்கு பொம்பளைகள், நாலும் ஜெயிலுக்குப் போய் வந்த திருடிகள், ஊரைக் காப்பாற்றுகிறார்கள். டிரெய்லரை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். சனிக்கிழமை மதிய ஷோ என்று முடிவு செய்தவளும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை துவைத்து, சமைத்து முடிப்பதற்குள் எங்களுக்கு ஏது லீவு? வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் லீவு.

"நான் வர்லடி லோகு. இந்த மாசம் வேணாம்," என்றாள் ஹெலன்.

"இன்னாடி இப்டி பயந்து சாவுற? நாலு பொம்பளைங்க படத்துக்கு மூணு பேராவா போவாங்க? ஜொரம்னு போன் பண்ணு. ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

மூன்று பேரும் காய்ச்சல் என்று போன் பண்ணினார்கள். நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா, வெள்ளிக்கிழமையே சூப்பர்வைசர் மோகன்ராஜிடம், திருவாலங்காட்டுக் கோயிலில் வேண்டுதல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த யோசனையை மற்ற மூவருக்கும் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

படத்தில் விசிலடித்து விசிலடித்துத் தொண்டை கட்டிவிட்டது. கடைசிச் சண்டையில் ஒருத்தி கால் ஒடிந்து கிடப்பாள். என்னை விட்டுட்டுப் போங்க என்பாள். அப்போது தலைவி, "போனா நாலு பேரும் போவோம், இல்லன்னா ஒருத்தியும் போகக் கூடாது!" என்பாள். தியேட்டரே அதிர்ந்தது.

வெளியே அந்த நான்கு பேரின் ஆளுயர அட்டை நின்றது. மூவரையும் அதன் முன்னால் நிறுத்தி, இடுப்பில் கை வைக்கச் சொன்னேன். "நீயும் வாடி," என்று ஹெலன் கூப்பிட்டாள். செல்பியில் அட்டை முழுக்க வராது என்று நானே போட்டோ எடுத்தேன். ரயிலில் கும்மிடிப்பூண்டி வரைக்கும் கையை ஓங்கி அந்த வசனத்தையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஹெலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜெனிபர் அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாள். மோகன்ராஜ் நம்பரை மறைக்க மறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை எச்.ஆர். மேடம் எங்கள் டேபிளையே அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் மோகன்ராஜ். அவர் நெற்றியில் விபூதி. காலையில் கோயில் பிரசாதம் என்று நான் மடித்துக் கொடுத்தது. என் வீட்டுச் சாமி அலமாரியிலிருந்து எடுத்தது.

மேடம் போனை நீட்டினார். "இதான் உங்க காய்ச்சலா?"

மூவரும் தலையைக் குனிந்தார்கள்.

"போட்டோ எடுத்தது யாரு?"

நான்தான் மேடம், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டும். சொல்லித் தொலையேன்டி! நாக்கு புரளவில்லை.

ஹெலன் என் பக்கம் திரும்பவே இல்லை. "தியேட்டர் வாட்ச்மேன் எடுத்தாரு மேடம். நாங்க மூணு பேருதான் போனோம்."

"இவங்களப் பார்த்துக் கத்துக்குங்க," என்று மேடம் என்னைக் காட்டினார். "லீவு வேணும்னா முறையா எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க."

"ஆமா மேடம்," என்றேன். சே, அந்த ஆமாவையாவது முழுங்கியிருக்கலாம்.

அடுத்த மாதம் நீல கோட்டு எனக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. வீட்டில் கேசரி கிளறினார்கள், அதையும் தின்றேன். மானங்கெட்ட ஜென்மம்.

முதல் நாள் ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது ஜெனிபரும் குணாவும் என்னைத் தாண்டிப் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஹெலன் மட்டும் நின்றாள், அதே சாம்பல் கோட்டில்.

"இன்னாடி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? போன குடு."

கொடுத்தேன்.

"நேரா நில்லு. அன்னிக்கு நீ எங்கள எடுத்த. இன்னிக்கு நான் உன்ன எடுக்கறேன்."

குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிட்டே வந்து, மடங்கியிருந்த என் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அவள் நாலு அறை விட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

"ஹெலனு, நான் அன்னிக்கு..."

"பஸ்ஸு போயிடும். இடுப்புல கை வையி," என்றாள். வைத்தேன்.

போட்டோ நன்றாகத்தான் வந்திருக்கிறது. புது நீல கோட்டு, இடுப்பில் கை. நான் மட்டும் தனியாக நிற்கிறேன்.