நீலக் கிளப்பின் வாசற்படி

வென்சு பிறந்ததிலிருந்து நீலக் கிளப்பின் வாசற்படியை மிதித்ததில்லை. அவருடைய அப்பாவும் மிதித்ததில்லை. தாத்தா ஒருமுறை மழைக்கு ஒதுங்கினார் என்று வேண்டாதவர்கள் சொல்வார்கள். அது வெறும் புரளி.

மால்டாவில் மற்ற ஊர்களைப் போலத்தான் அந்த ஊரும். ஒரு கோயில், இரண்டு பேண்டு கிளப். திருவிழாவில் சூசையப்பர் சுரூபத்தைத் தூக்குகிறவர்கள் சிவப்பு, கத்தரீனம்மாளைத் தூக்குகிறவர்கள் நீலம். பெண் பார்க்கப் போனாலும் முதலில் விசாரிப்பது நிறத்தைத்தான். வென்சு சிவப்பு. வாலிபத்திலிருந்தே கல் குவாரியில் வெள்ளைத் தூசியைத் தின்ற உடம்பு. அந்த உடம்புக்கு ஊர் கொடுத்த மரியாதை ஒன்றே ஒன்றுதான். திருவிழாவன்று சூசையப்பரைச் சுமக்கும் தண்டுகளில் முன்பக்க இடது தண்டு அவருடையது. அதைத் தூக்கித் தூக்கித் தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது. கல்யாணத்துக்குக் கோட்டு தைத்த தையல்காரன் அந்தக் காய்ப்பையும் சேர்த்துத்தான் அளவெடுத்தான்.

மகள் மரிஸ்டெல்லா பல்கலைக்கழகத்தின் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். தீவின் வரலாறு, மொழி, பண்பாடு மூன்றையும் மேய்க்கிற நிறுவனம் அது. ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்கே அவர்கள் கதையைச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இந்தச் சனிக்கிழமை மாலை மரிஸ்டெல்லாவின் முதல் பேச்சு. சொந்த ஊரில், இரண்டு பேண்டு கிளப்புகளின் வரலாறு பற்றி. இடம் நீலக் கிளப் ஹால்.

“ஏன் வென்சு, உம்பொண்ணு நீலக்காரன் வீட்ல போயி நம்ம கதையைப் பேசப் போறாளாமே?” என்று சிவப்புக் கிளப் பாரில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார் தலைவர் ஸ்பிரு.

“ஹால்தான் அவங்களுது. பேச்சு பல்கலைக்கழகத்தோடது.”

“நம்ம ஹாலுக்கு என்ன கேடு?”

“உள்ள நிக்க இடம் இருக்கா? திருவிழாச் சாமானெல்லாம் குவிஞ்சு கிடக்கு. நாலு தேவதூதருக்கு இன்னும் றெக்கை ஒட்டலை.”

பாரில் சிரிப்பு எழுந்தது. ஸ்பிரு சிரிக்கவில்லை.

“கேட்டுக்கங்கப்பா. சனிக்கிழமை அந்தப் படியைத் தாண்டுறவன் எவனா இருந்தாலும் இந்த வருஷம் தண்டைத் தொடக்கூடாது. எம்மருமகன் ஒரு எடத்துக்குக் காத்துக்கிட்டுதான் இருக்கான்.”

மருமகன் வங்கியில் வேலை. நாற்காலியிலேயே வளர்ந்த உடம்பு. அவன் தோளை நினைத்ததும் வென்சுவுக்குக் குடித்த தேநீர் கசந்தது.

வீட்டில் மரிஸ்டெல்லா காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வருவீங்கதானப்பா?”

“எந்தக் கிளப் பழசுன்னு மட்டும் இப்பவே சொல்லிடு. வரவேண்டிய வேலையே இல்லை.”

“வந்து கேளுங்க.” அவளுக்கும் அப்பாவின் பிடிவாதம்தான். இரண்டு நிறமும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. படித்தவர்களுக்கு வருகிற ஆசை.

அவள் மாடிக்குப் போனதும் மனைவி தித்தா பிடித்துக்கொண்டாள். “பெத்த அப்பன் போகலைன்னா ஊர் சிரிக்கும்.”

“போனாலும் சிரிக்கும்.”

“ரெண்டுக்கும் சிரிக்கப்போகுதுன்னா போயிட்டே வாங்களேன்.”

“தண்டு போயிடுமேடி. என் தோளு?”

“தோளைக் கழட்டி இங்க வச்சுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை, ஜூன் வெயில் இறங்கும் நேரம், வென்சு கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். நீலக் கிளப்பின் ஜன்னலுக்கு நேர் கீழே, நடைபாதையில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தித்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பெண்கள் தண்டு தூக்குவதில்லை. அவளுக்கு இழக்க ஒன்றுமில்லை.

வேவு பார்க்க வந்த ஸ்பிரு நின்றார். “என்ன வென்சு?”

“காத்து வாங்கறேன்.”

“இங்கயா?”

“தெரு யார் அப்பன் வீட்டுது?”

ஸ்பிரு யோசித்தார். வென்சுவின் மகள் நீலம்தான் பழசு என்று சொல்லிவிட்டால், அப்பன்காரர் பாருக்கு வந்து எதையாவது பூசி மெழுகிவிடுவாரே. பாருக்கு ஆள் அனுப்பித் தனக்கும் ஒரு நாற்காலி வரவழைத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் சிவப்புக்காரர்களெல்லாம் தெருவை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வந்த பேருந்தும் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கப்போய், விஷயம் தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னலில் சாய்ந்துகொண்டான். அவனும் சிவப்பு.

நிறுவனத்தின் பேராசிரியர் ஷிக்லூனா வெளியே ஓடி வந்தார். பேண்டு கிளப்புகளைப் பற்றித் தலையணை மொத்தத்தில் இரண்டு புத்தகம் எழுதியவர்.

“உள்ள இவ்வளவு எடம் இருக்கே, ஏன் எல்லாரும் வெளிய உக்காந்திருக்கீங்க?”

“உள்ள புழுக்கம் சார்.”

“ஏசி ஓடுதே!”

“ஏசி எங்களுக்குச் சேராது சார்.”

மரிஸ்டெல்லா ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொன்னாள். மைக்கை இழுத்து ஜன்னலோரம் வைத்து, பாதி முகம் ஹாலுக்கும் பாதி முகம் தெருவுக்குமாக நின்று பேச ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் ஊருக்கு ஒரே பேண்டுதான் என்றாள். ஊர்வலம் முதலில் எந்தத் தெருவில் திரும்புவது என்ற சண்டையில் உடைந்தது என்றாள். உள்ளேயும் வெளியேயும் சிரித்தார்கள். வென்சுவுக்கு அவள் முகத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“உடைஞ்சதுல எது மொதல்ல? அதைக் கேக்கத்தான் எல்லாரும் வந்திருக்கீங்க. எனக்குத் தெரியலை. ரெண்டு கிளப்பும் பலகையில போட்டிருக்கற வருஷம் பின்னாடி எழுதினது. இவங்க அஞ்சு வருஷம் கூட்டி எழுதினா அவங்க ஆறு வருஷம் கூட்டி எழுதியிருக்காங்க. இப்படியே போனா நோவாவோட பேழையிலயே நம்ம பேண்டு வாசிச்சிருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே கூச்சல், வெளியே அதைவிடக் கூச்சல். காலங்காலமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு நிறமும் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் தெரியாது என்பதில் ஒத்துப்போயின.

உள்ளே நீலக் கிளப் செயலாளர் நார்து எழுந்தான். “தெரியாதுன்னு சொல்றதுக்கா இத்தனை வருஷம் படிச்சே? தெரியாதுன்னு சொல்ல நம்ம ஊர்ல ஆளா இல்ல? குவாரிக்காரன் மகளை மைக் முன்னாடி நிறுத்தினா இப்படித்தான்!”

வென்சு எழுந்ததை ஸ்பிரு பார்த்தார். கூப்பிடுவதற்குள் அவர் வாசலைத் தாண்டியிருந்தார். எந்தக் காலை முதலில் வைத்தார் என்பதில் பிறகு ஊர் இரண்டுபட்டது. அவருக்கே அது தெரியாது. தெரிந்ததெல்லாம் நார்துவின் சட்டைக் காலர் தன் கையில் இருந்ததுதான்.

“எம்மகளுக்குத் தெரியலைன்னா யாருக்கும் தெரியாதுடா!”

நார்து உட்பட எல்லோரும் வென்சுவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவரும் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே பளபளவென்று நீலக் கிளப்பின் தரை.

“அப்பா, சட்டையை விடுங்க. உக்காருங்க. நான் இன்னும் முடிக்கலை” என்று மைக்கிலேயே சொன்னாள் மரிஸ்டெல்லா.

கைக்கெட்டும் தூரத்தில் காலியாக இருந்தது நார்துவுக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுதான். உட்கார்ந்தார். இப்போது மகளின் முழு முகமும் தெரிந்தது. அவள் முடித்ததும் முதலில் தட்டியது அவர்தான். கல் உடைத்த கைகள்; ஒவ்வொரு தட்டுக்கும் நார்து தோளைக் குறுக்கிக்கொண்டான்.

வெளியே வழக்கு தயாராக இருந்தது.

“சண்டைக்குப் போனதை நான் குத்தம் சொல்ல மாட்டேன்” என்றார் ஸ்பிரு. “அது நம்ம கிளப்புக்குப் பெருமை. ஆனா உக்காந்துட்டியே வென்சு.”

“அவ உக்காரச் சொன்னா.”

“கைதட்டினியே.”

பேருந்து ஓட்டுநர் நல்ல மனசுக்காரன். “கொசு அடிச்சிருப்பாரு தலைவரே” என்று எடுத்துக்கொடுத்தான். எல்லோரும் வென்சுவைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“கொசுவெல்லாம் இல்லை. நல்லாப் பேசினா, தட்டினேன்.”

ஸ்பிரு தாடையைச் சொறிந்தார். கோயில் படிக்கட்டில் சுரூபத்தைச் சாயாமல் இறக்கத் தெரிந்த ஆளை முழுதாகத் தள்ளவும் முடியாது. “பின்பக்கம், வலது தண்டு. இந்த வருஷம் மட்டும். முன்னாடி எம்மருமகன்.”

பின்பக்கம் என்றால் சூசையப்பரின் அங்கியும் முன்னால் போகிறவன் பிடரியும்தான் தெரியும். போட்டோவில் யாரும் விழுவதில்லை. தோளும் வேறு தோள். வென்சுவுக்கு வலித்தது. சரி என்று தலையை ஆட்டினார். கூட்டத்துக்குள் நின்ற மருமகன் தன் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

மரிஸ்டெல்லா காகிதக் கட்டோடு வெளியே வந்தாள். “எப்படிப்பா இருந்துச்சு?”

“நல்லாத்தான் பேசினே. ஆனா எங்க கிளப்தான் பழசு.”

“ஆதாரம்?”

“நான் சொல்றேன்ல.”

அடுப்படி நாற்காலியைத் தூக்கிக் காய்ப்பு இல்லாத தோளில் வைத்துப் பார்த்தார். அது அங்கே சரியாக உட்காரவில்லை. திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்தத் தோளிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.