கொட்டகைச் சாவி

டோம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குடிப்பவர் போதும் என்று கோப்பைக்குள் கரண்டியைப் போடும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அப்பா ஹாபோவின் சவப்பெட்டியைச் சுமந்த அண்டைவீட்டுக்காரர்கள் நனைந்த கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் கரண்டியைப் போடுவதாகத் தெரியவில்லை.

"சட்டம்தான் ஹாபோவைக் கொன்னுடுச்சு," என்றார் எதிர்வீட்டு ஃபோக்கோ. "பறவை கூடு கட்டுதாம், நாணலை வெட்டக் கூடாதாம். மனுஷன் செத்தா யாருக்கு என்ன?"

எல்லோரும் தலையாட்டினார்கள். டோம்மா நகராட்சி நீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள் என்பதால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம்தான் அவளைச் சுட்டது.

புதுக் குடியிருப்பின் மழைநீரெல்லாம் வீட்டுக்குப் பின்னால் உள்ள குளத்தில்தான் தேங்கும். ஓய்வுபெற்ற ஹாபோ, யாரும் கேட்காமலே அதற்குக் காவல்காரர் ஆகியிருந்தார். வசந்தத்தில் நாணலில் கை வைத்தார், புகார் போனது. உங்கள் அப்பாவுக்கே சட்டம் தெரியாதா என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அன்று மாலையே டோம்மா வந்து அரிவாளைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள். அக்டோபர் வரைக்கும் குளத்துப் பக்கம் எதையும் தொடக் கூடாது என்று பிள்ளையை அதட்டுவதுபோல் அப்பாவை அதட்டிவிட்டு, சாவியையும் எடுத்துப் போனாள். அரிவாளோடு, குப்பை இழுக்கும் நீளக் காம்பு வாரியும் உள்ளே மாட்டிக்கொண்டது.

சட்டம் நாணலைத்தான் தொடாதே என்றது. தண்ணீர் வெளியேறும் மடைக் கம்பியில் சிக்கும் குப்பையைக் கூடு கட்டும் காலத்திலும் வாரித்தான் ஆக வேண்டும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். வாரி இருந்திருந்தால் அப்பா கரையில் நின்றபடியே இழுத்திருப்பார். அடைமழையில், வெறுங்கையோடு சரிவில் இறங்கியிருக்கிறார். வழுக்கித் தண்ணீரில் விழுந்தவர் எழவேயில்லை.

"சட்டம் இல்ல, ஃபோக்கோ மாமா," என்று அவள் தொடங்கினாள். "நான்தான்..."

"கெட்டில் காலியாயிடுச்சு பாரு," என்றாள் அம்மா.

சமையலறையில் அம்மா அவள் பக்கம் திரும்பாமலே பேசினாள். "அன்னைக்கு உனக்குப் போன் பண்ணச் சொன்னேன். 'வேணாம், திட்டுவா'ன்னுட்டுப் போனார்."

டோம்மாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே மழை வலுத்தது. குளம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கறுப்பு உடையோடே போய்க் கொட்டகையைத் திறந்தாள். வாரியை மடைக் கம்பி வரை நீட்டி இழுத்ததும் இலையும் பிளாஸ்டிக்கும் கொத்தாக வந்தன. தண்ணீர் கடகடவென்று மடைக்குள் இறங்கியது. நாணலுக்குள் நீர்க்கோழி கூட்டை விட்டு அசையவில்லை. அப்பா அந்தப் பக்கம் ஒரு நாணல் தண்டைக்கூட மிதித்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். மேசையில் சாவியை வைத்துவிட்டு நனைந்த உடையோடு உட்கார்ந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். அப்பாவின் கோப்பையை அவள் முன் வைத்து ஊற்றினாள். குடித்ததும் மறுபடி ஊற்றினாள். அதற்குப் பிறகும் ஊற்றினாள்.

போதும் என்று கரண்டியை உள்ளே போட டோம்மாவுக்குத் துணிவு வரவில்லை.