பெண்கள் பக்கத்துக் கேமரா

"பொம்பளைங்க பக்கம்தானே, இது போதும் லா."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஹைக்கல் வருஷக்கணக்காகத் தங்கையை ஏய்த்து வந்தான். 'இது' என்று அவன் சொன்னது ஒரு காம்பேக்ட் கேமரா. கைப்பையில் போட்டால் சாவிக்கும் லிப்ஸ்டிக்குக்கும் நடுவில் காணாமல் போய்விடும் அளவு. லெபோ சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ஹைக்கலுக்குச் சொந்தமாக ஸ்டூடியோ. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆண்கள் கூடத்தில் அவன் நிற்பான், பெண்கள் கூடத்தில் தங்கை ஷாஹிரா நிற்பாள். அவன் தோளில் இரண்டு பெரிய கேமராக்கள் தொங்கும். அவள் கையில் அந்தச் சோப்பு டப்பா.

அந்தச் சோப்பு டப்பாவின் லட்சணம் ஹைக்கலுக்குத் தெரியாதா என்றால், ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். யாராவது கேமரா வாங்க யோசனை கேட்டுவிட்டால் போதும், மூச்சு விடாமல் பேசுவான். காம்பேக்டில் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான், வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி விழும், லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. மிரர்லெஸ் என்றால், கடையிலேயே சின்ன மாடலாக இருந்தாலும், சென்சார் பெரிது, மங்கல் விளக்கிலும் முகம் முகமாகத் தெரியும், பின்னால் இருக்கிற குப்பைகூளமெல்லாம் கரைந்து போகும். எல்லாம் உண்மைதான். இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, அன்று சாயங்காலமே காம்பேக்டை எடுத்துத் தங்கை கையில் கொடுப்பான். ஷாஹிராவுக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

கல்யாணத்தில் பெண் எந்தப் பக்கம் இருக்கிறாள்? நகையும் பட்டும் அழுகையும் சிரிப்பும் எந்தப் பக்கம்? ஆண்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது, வரிசையாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுகிற வயிறுகளைத் தவிர? ஆனால் ஆல்பத்தைத் திறந்தால் பிரியாணித் தட்டில் ஒவ்வொரு பருக்கையும் பளிச்சென்று தெரியும். பக்கத்தைப் புரட்டினால் மணப்பெண் ஃபிளாஷில் மாவு பூசினாற்போல வெளுத்து நிற்பாள். பார்த்த பெண்கள், "அண்ணன் மாதிரி வராது, பாவம், இந்தப் பொண்ணு பழகிக்கிட்டு இருக்குது" என்பார்கள். பழகுகிறாளாம்! அண்ணனை ஒரு தடவை அந்தச் சோப்பு டப்பாவைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கூடத்தில் நிற்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும்.

அவனால் நிற்க முடியாது. அங்கேதான் ஷாஹிராவின் மரியாதை இருந்தது. பெண்கள் கூடத்தின் கதவு சாத்தியதும் அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொல்வாள்: "என் கண்ணு பாத்தது ஆம்பள கண்ணுக்குப் போகாது." அதைக் கேட்ட பிறகுதான் தலையை மூடிய துடோங்கில் குத்திய ஊசிகள் கழலும், தலைத்துணிகள் நாற்காலி முதுகுக்குப் போகும், கூந்தல்கள் இறங்கும், கூடம் கலகலக்கும். விருந்து முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவாள். பெண் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த படங்களை வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில், ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, ஸ்டூடியோவின் இரும்புக் கதவைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு அவளே பிரிண்ட் போடுவாள். ஹைக்கல்கூட ஒரு படத்தைப் பார்த்ததில்லை. ஊரில் ஷாஹிராவைக் கூப்பிட்டார்கள் என்றால் படத்துக்காக இல்லை, இந்த வாக்குக்காகத்தான்.

ஃபராவின் கல்யாணம் வந்தபோது ஷாஹிரா பிடிவாதம் பிடித்தாள். ஃபராவின் உம்மா ஆயிஷா மாமி, இவர்கள் உம்மாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். ஃபரா இவள் மடியில் தூங்கிய குழந்தை.

"இந்தக் கல்யாணத்துக்கும் அந்த டப்பாதான்னா நீயே துடோங் போட்டுக்கிட்டு உள்ள போ அண்ணே. நான் வரமாட்டேன்."

ஹைக்கல் முனகினான், பல்லைக் கடித்தான், கடைசியில் ஒரு மிரர்லெஸ் வாங்கி வந்தான். ஆரம்ப மாடல்தான். ஆனாலும் அதைக் கையில் வாங்கிய ஷாஹிரா கீழே வைக்கவில்லை. பிடிக்கப் பிடி இருந்தது, கண் வைத்துப் பார்க்க இடம் இருந்தது.

"தேதி, நேரம், எல்லாம் என் போன்ல கனெக்ட் பண்ணி நானே செட் பண்ணிட்டேன்" என்றான் ஹைக்கல். "நீ பட்டனை மட்டும் அமுக்கு."

இந்த இடத்தில்தான் அவள் ஏமாந்தாள். அண்ணன் நமக்காகச் சிரமம் எடுத்திருக்கிறானே என்று மனசு குளிர்ந்து போனாளே தவிர, அவன் போனுக்கும் என் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் வாக்கெல்லாம் கார்டில் இருந்தது. கார்டு தன் கையில் இருக்கிறவரை படம் தன் கையில்தான் என்று நம்பிப் பழகியவள்.

மருதாணி வைக்கிற சாயங்காலம். மண்டபத்தை நடுவில் பலகைத் தட்டி வைத்துப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். ஷாஹிரா வழக்கமான வார்த்தையைச் சொன்னாள், தலைத்துணிகள் இறங்கின, மருதாணிக் கிண்ணம் வந்தது. ஃபரா கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்தாள். தங்கை லைலா அவளுக்கு லட்டு ஊட்டப் போய் மூக்கில் அப்பினாள். ஃபரா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாய்விட்டுச் சிரித்தாள். ஷாஹிரா பட்டனை அமுக்கினாள்.

படம் திரையில் வந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. ஃபிளாஷ் இல்லை, வெளுப்பு இல்லை. மண்டபத்து மஞ்சள் விளக்கு ஃபராவின் கழுத்தில் தங்கமாக இறங்கியிருந்தது. பின்னால் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கரைந்து போயிருந்தன. இத்தனை வருஷம் நான் மோசமாக எடுக்கவில்லை, மோசமானதைக் கொடுத்து எடுக்க வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போது உறுதியாயிற்று. சந்தோஷத்தோடு சந்தோஷமாகக் கோபமும் வந்தது. அந்தக் கோபத்திலேயே இன்னும் நிறைய எடுத்தாள்.

எல்லாம் முடிந்து கார்டைக் கழற்றினாள். ஃபராவின் கைகளில் மருதாணி ஈரம். அதனால் ஆயிஷா மாமியின் கைப்பையில் போட்டாள். மாமி பையின் ஜிப்பை இழுக்கும்போது மாமியின் போன் அடித்தது. எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து, மாப்பிள்ளையின் உம்மா.

மாமி சிரித்துக்கொண்டேதான் போனை எடுத்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. "எந்தப் படம்?" என்றார். பிறகு, "மாப்பிள்ளை தம்பி பாத்தாரா?" என்றார். போனை வைத்துவிட்டு ஷாஹிராவைப் பார்த்தார்.

"ஸ்டூடியோ பேஜ்ல ஃபரா படம் வந்திருக்காம். முடியெல்லாம் விரிச்சுப் போட்டுக்கிட்டு சிரிக்கிறாளாம்."

"இருக்காது மாமி. கார்டு உங்க பையிலதானே இருக்கு."

லைலா தன் போனைத் திறந்து நீட்டினாள். இருந்தது. அதே கழுத்து, அதே தங்க வெளிச்சம். கூடவே இன்னும் இரண்டு படங்கள். 'புது கேமராவின் முதல் படங்கள்' என்று மேலே எழுதி, கீழே ஹைக்கலின் ஸ்டூடியோ பெயர். அதற்கும் கீழே யாரோ ஒருவன் கேட்டிருந்தான்: 'மாஷா அல்லாஹ் ப்ரோ, என்ன கேமரா இது?'

ஷாஹிரா தலை நிமிர்ந்தபோது கூடம் மாறிப் போயிருந்தது. நாற்காலி முதுகிலிருந்த தலைத்துணிகள் எல்லாம் தலைக்கு ஏறிவிட்டன. ஊசிகள் குத்தப்பட்டன. ஃபரா மருதாணிக் கையால் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க, லைலா அவசர அவசரமாக அக்காவின் கூந்தலை மூடினாள். சொந்தக் கூடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, பெண்கள் எல்லாரும் போர்த்திக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். ஷாஹிராவுக்கு முன்னால். ஏதோ ஒரு அந்நிய ஆண் உள்ளே நுழைந்துவிட்ட மாதிரி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே ஆண்கள் பக்கம் போனாள். அந்த மண்டபத்தில் எந்தப் பெண்ணும் விருந்து நேரத்தில் அப்படிப் போனதில்லை. பிசைந்த சோறோடு கைகள் அப்படியே நின்றன. ஹைக்கல் தட்டிக்குப் பக்கத்து மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான், தட்டுக்கு அருகில் போனோடு.

"அண்ணே, போனைக் குடு."

"என்ன லா நீ, இங்கெல்லாம் வந்துக்கிட்டு..."

"போனைக் குடு!"

அவன் கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள். திறந்தபடியே இருந்தது. அவள் எடுத்த படங்கள் ஒன்று விடாமல் அதில் வரிசையாக நின்றன.

"நான் என்ன பண்ணட்டும்? ஆட்டோமேட்டிக் லா அது" என்றான் ஹைக்கல், குரலைத் தாழ்த்தி. "பக்கத்துல போன் இருந்தா நீ எடுக்க எடுக்க தானா வந்து விழும். உன் பழைய டப்பால அந்த வசதியெல்லாம் கிடையாது."

"வந்து விழுந்தது கேமரா வேலை. விழுந்ததும் போனைக் கவுத்து வச்சிருக்கணும், இல்ல எனக்கு ஒரு கால் அடிச்சிருக்கணும். நீ உக்காந்து ஒண்ணொண்ணா பாத்திருக்க. பாத்து மூணு பொறுக்கியிருக்க. அது எந்த ஆட்டோமேட்டிக்?"

"நல்லா இருந்துச்சு ஷாஹி! தப்பா என்ன தெரியுது அதுல? எல்லாரும் பாராட்டுறாங்க. உனக்குத்தானே பேரு. நீதானே நல்ல கேமரா கேட்ட?"

அவன் திருடியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நீதானே கேட்டாய் என்கிறான்! கேட்டதுக்குக் கொடுத்த கேமரா, கொடுத்ததுக்கு எடுத்துக்கொண்ட படம், கணக்குச் சரி என்பது போல.

"என் பேரு எங்க இருக்கு? காட்டு. உன் கடை பேரு இருக்கு, கேமரா என்னன்னு ஒருத்தன் கேக்குறான். படத்துல இருக்கிற பொண்ணை யாராச்சும் கேட்டீங்களா? அவகிட்ட நான் என்ன சொல்லி உள்ள போனேன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

ஹைக்கல் தட்டைப் பார்த்துக் குனிந்தான். அவனுக்குத் தெரியும். அத்தனை வருஷமும் அந்த வாக்கை விற்றுத்தான் அவன் ஸ்டூடியோ பெண்கள் பக்கத்து வேலைகளைப் பிடித்தது.

எல்லார் முன்னாலும் நின்று அவள் பேஜிலிருந்த மூன்று படங்களையும் அழித்தாள். போனில் இருந்த அத்தனையையும் அழித்தாள். அழிக்கும்போது அந்தச் சிரிப்பு ஒரு தடவை திரை முழுக்க வந்தது. தன் வாழ்க்கையிலேயே தான் எடுத்த நல்ல படம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுத்தினாள். போனைப் பிரியாணித் தட்டுக்குள் போட்டுவிட்டு வந்தாள். அதைத் துடைக்க ஹைக்கலுக்கு யாரும் ஒரு டிஷ்யூ நீட்டவில்லை.

ஆனால் பட்டர்வொர்த்தில் பார்த்த கண்ணிலிருந்து எதை அழிக்க முடியும்?

மறுநாள் காலை நிக்காஹ். மிரர்லெஸைப் பெட்டியிலேயே வைத்து ஸ்டூடியோ மேஜையில் போட்டுவிட்டு, ஷாஹிரா பழைய காம்பேக்டை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். அதில் எந்த வசதியும் கிடையாது. இப்போது அந்த வசதி இல்லாததுதான் வேண்டியிருந்தது. அதுகூட அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. நல்ல படம் வேண்டும் என்றால் வாக்கு போகும், வாக்கு வேண்டும் என்றால் சோப்பு டப்பா. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று ஹைக்கலிடம் யாராவது, என்றைக்காவது சொன்னதுண்டா?

பெண்கள் கூடத்து வாசலில் ஆயிஷா மாமி நின்றிருந்தார். கோபமாக இல்லை. வழக்கம்போல ஷாஹிராவின் கன்னத்தைத் தொட்டார். பிறகு அவள் கையிலிருந்த காம்பேக்டை மெதுவாக வாங்கி, பின்னால் நின்ற லைலாவிடம் கொடுத்தார்.

"போட்டோவை இவ எடுக்கட்டும்மா. நீ உள்ள வா. சாப்பிடு."

இதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம். சண்டை போட அவளிடம் நிறையச் சொற்கள் இருந்தன, ஆனால் அவை எல்லாம் அண்ணனுக்கு உரியவை. உள்ளே போய் விருந்தாளிகளோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினார்கள். யாரும் எந்த வாக்கும் சொல்லவில்லை, யாரும் தலைத்துணியை எடுக்கவும் இல்லை. மேடையில் ஃபரா மூடிய தலையோடு வாயை மூடிச் சிரித்தாள். லைலா விரலை லென்ஸில் பாதி வைத்துக்கொண்டு எடுத்துத் தள்ளினாள்.

கொஞ்ச நேரத்தில் லைலா இவள் பக்கம் திரும்பினாள்.

"ஷாஹிரா அக்கா, சிரிங்க!"

எத்தனையோ கல்யாணத்தில் நின்றவளை ஒரு கல்யாணத்திலும் யாரும் படம் எடுத்ததில்லை. கேமரா தன்னைப் பார்த்ததும் அவளையும் அறியாமல் அவள் கை நெற்றிக்குப் போனது, துடோங் சரியாக இருக்கிறதா என்று. இந்தப் படம் எந்தக் கண்ணுக்குப் போகும்? மற்ற பெண்கள் அவளைப் பார்த்து இத்தனை வருஷம் கேட்காமல் விட்ட கேள்வி அது. நம்பியதால் கேட்காமல் விட்டது.

அவள் சிரிக்கவில்லை. லைலாவைக் கிட்டே கூப்பிட்டாள்.

"முடிஞ்சதும் கார்டைக் கழட்டி உங்க அக்கா கையில குடு. வேற யாரு கேட்டாலும் குடுக்காத."

"சரிக்கா."

"நான் கேட்டாலும்."