வீட்டில் பேசுகிற ஆள்

சமையலறைக் கதவுக்குப் பின்னால், மகளைக் கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு அவள் தலை பின்னினாள். கூடத்தில் நாத்தனாரின் அழுகை ஓங்கித் தணிந்தது. கொழுந்தன் விடிகாலையில் போய்விட்டான். தூக்கத்திலேயே. இன்றைக்கென்று பார்த்துப் போக வேண்டுமா, பாவி! ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?

மகளைச் சேர்க்கப் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே எல்லாம் இந்த ஊர் மொழிதான். வீட்டில் அதைப் பேசப் பெரியவர் ஒருவராவது இருந்தால்தான் இடம். அவளுக்கு அதில் விலை கேட்கத் தெரியும். கணவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியும். சரளமாகப் பேசியவன், ஓட்டலில் அறை துடைத்துக் கற்றுக்கொண்ட கொழுந்தன் ஒருவன்தான். சிறுநீரகம் கெட்டு வேலை போனபின் கூடத்து சோபாவே கதியென்று கிடந்தான். "தொரை எந்திரிச்சாச்சா?" என்று தினமும் சீண்டுவாள். தொரையும் மகளும் அந்த மொழியில் மணிக்கணக்காக வம்பளந்து சிரிப்பார்கள். ஒன்றும் புரியாமல் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீங்க சும்மா தலையாட்டுங்க அண்ணி, நான் பேசிக்கறேன்" என்று நேற்றே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தான்.

நாத்தனார் பார்த்துவிட்டாள். "எங்க கிளம்பற?"

"ஸ்கூலுக்கு."

"பொணம் வீட்ல கெடக்குது! உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்க்காமல். சேர்க்கைக்கு இன்றோடு கடைசி, இன்னொரு நாள் கிடையாதென்று அவனுக்கும் தெரியும்.

"சாயங்காலம்தானே எடுக்கறோம்? அதுக்குள்ள வந்துருவேன். நாளைக்கு இவளும் என்னைய மாதிரி கடைக்காரன் முன்னாடி கையை ஆட்டிக்கிட்டு ஊமையா நிக்கணுமா?"

பதிலுக்கு நிற்கவில்லை. பேருந்தில் உட்காரவும் முடியவில்லை. இறங்கும் இடம் வந்துவிட்டதோ என்று எழுந்து எழுந்து பார்த்தாள்.

தலைமை ஆசிரியை கேட்டதை, தமிழ் தெரிந்த அலுவலகப் பெண் எடுத்துச் சொன்னாள். "வீட்ல இந்த மொழிய யாரு பேசுவாங்கக்கா?"

"என் கொழுந்தன் இருக்காரு."

"அவரு வரலையா?"

"வர்றதாத்தான் இருந்தாரு. கொஞ்சம் முடியல."

ஆசிரியை மகளிடம் திரும்பி ஏதோ கேட்டார். மகள் பேச ஆரம்பித்தாள். நிறுத்தாமல் பேசினாள், அவனைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்து. ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் அலுவலகப் பெண்ணிடம் திரும்பினாள்.

"என்ன சொல்றா? தப்பா ஏதும் சொல்லிட்டாளா?"

"இல்லக்கா." அந்தப் பெண் தயங்கினாள். "சித்தப்பா காலையில செத்துட்டாரு, எல்லாரும் அழறாங்க, அம்மா மட்டும் இன்னும் அழலங்குது."

முகம் எரிந்தது. எழுந்து மகளின் கையைப் பற்றினாள். "வாடி, போலாம்."

ஆசிரியை உட்காரும்படி கைகாட்டி, மெதுவாக ஏதோ சொன்னார்.

"வீட்ல பேச வேற யாரும் வேணாமாம். பாப்பாவே போதும்ங்கறாங்க. சேத்துக்கறாங்கக்கா."

மகளின் கையை விட்டுவிட்டு அவள் ஆசிரியையைக் கும்பிட்டாள்.

வாசலில் நாத்தனார், "வந்துட்டியா மகராசி" என்று ஆரம்பித்தாள். அவள் நேரே உள்ளே போனாள். கூடத்தில் அவனை ஐஸ் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். கண்ணாடிமேல் குனிந்து, "சீட்டு கெடச்சிருச்சுப்பா" என்றாள்.

மகளும் பக்கத்தில் வந்து, எக்கி நின்று, அந்த மொழியில் அவனிடம் ஏதோ சொன்னாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு அதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த வீட்டில் ஒருவருக்கும் அது புரியவில்லை.