தூக்கிய கால்

“அந்தம்மாவுக்கும் உக்கார ஒரு நாற்காலி குடுங்க.”

கடைக்காரர் சுதீரிடம் இதை நான் கேட்டிருக்கவே கூடாது. காலையில் இட்லி வைத்துக்கொண்டே காளியம்மை அத்தை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “ஏட்டி மகா, கூட்டாளிகளோட மட்டாஞ்சேரி ஜூ டவுன் வந்தா நான் வேலை பாக்குற கடையையும் பாத்துட்டுப் போ. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. அத்தைக்கு அது குடுங்க, இது குடுங்கன்னு சேட்டன்கிட்ட கேட்டுராத. உன் வாய் எனக்குத் தெரியும்.”

கொச்சியில், இடப்பள்ளி அலுவலகத்தில் சேர்ந்து இன்னும் மாசம் முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான்தான். தங்குவதும் தின்பதும் கலூரில் அத்தை வீட்டில். ஊரைக் காட்டுகிறோம் என்று கூட வேலை பார்க்கும் மஞ்சுஷாவும் சிஜுவும் மட்டாஞ்சேரிக்கு இழுத்து வந்தார்கள். அரிசிப் பத்திரியும் பீஃபும், பச்சைமிளகாய் போட்டுக் குலுக்கிய சர்பத்தும், அப்புறம் இந்தத் தெருவின் பழைய சாமான் கடைகள், ராத்திரி ஃபோர்ட் கொச்சியில் பாட்டு என்று திட்டம். சாப்பிடும்போது சிஜு கேட்டான், அத்தைக்கு என்ன வேலை என்று. “பழம்பொருள் லைன்” என்றேன். வாயில் எலும்பு இருந்தது, வசதியாகப் போயிற்று.

சுதீரின் கடையில் நாற்காலிகளுக்குப் பஞ்சமில்லை. தேக்கு, ஈட்டி, பிரம்பு பின்னியது. ஒவ்வொன்றின் மேலும் உட்காரக் கூடாது என்று அட்டை. வாங்குகிற ஆள் மாதிரித் தெரிந்தால் சுதீரே அட்டையை எடுத்துவிடுவார். எங்களுக்கும் எடுத்தார். நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அத்தை உள்ளேயிருந்து துணியோடு வந்து ஓரமாக நின்றாள். பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்த்த விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன. என்னைப் பார்க்கவேயில்லை. நடிப்பில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

மஞ்சுஷா கையோடு வாங்கி வந்திருந்த சர்பத் சரிந்து என் செருப்புக்கு அடியில் ஓடியது. அத்தை குனிந்து துடைத்தாள். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. துணியைப் பிடுங்கவில்லை. அவள் துடைக்க வசதியாக, பிறந்ததிலிருந்து பழக்கப்பட்டவள் மாதிரி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் மேல் வந்த கோபம் சுதீர் மேல் போய் விழுந்தது அப்போதுதான்; நாற்காலி கேட்டுவிட்டேன்.

சுதீர் சிரித்தார். “மோளே, கஸ்டமர் வர்ற கடையில ஸ்டாஃப் இரிக்கிறதோ?”

“காலையிலேருந்து நிக்கிறாங்க.”

“அது உனக்கெப்படி அறியும்?”

சிஜு உதவிக்கு வந்தான். நல்லவன். “பாவம் சேட்டா, முடியல போல. நாங்க வர்றப்ப உள்ள அந்தப் பெரிய பெட்டி மேல உக்காந்து சாயா குடிச்சிட்டிருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் எழும்பிட்டாங்க.”

சுதீரின் சிரிப்பு நின்றது. “எந்தப் பெட்டி?”

கடையிலேயே விலை கூடிய பெட்டகம் அது. உள்ளே போய் மூடியைத் தடவிப் பார்த்தார். கிளாஸ் வைத்த ஈர வட்டம் இன்னும் காயவில்லை.

“காளியம்மே, நாளை முதல் நீ வரவேண்டாம்.”

“சேட்டா, இந்தக் குட்டி யாருன்னே எனக்குத் தெரியாது. தெரியாம ஏதோ பேசிட்டுது, விடுங்க.” வேலை போகிற நேரத்திலும் என்னை மறைத்துக்கொண்டிருந்தாள்.

“என் அத்தை” என்றேன். “எங்கப்பா கூடப் பொறந்தவங்க. இவங்க சோத்தைத்தான் நான் திங்கிறேன்.”

மஞ்சுஷா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிஜு ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து அதன் அடியை ஆராய ஆரம்பித்தான். சுதீர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அட்டையைத் திரும்ப வைத்தார்.

அத்தை பெட்டகத்தின் மேலிருந்த வட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “போ, ஏட்டி. பாட்டுக்கு நேரமாச்சுல்ல” என்றாள், திரும்பாமல்.

வாசலில் மஞ்சுஷா ஆட்டோவில் ஏறி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நான் ஏறப்போவதில்லை என்பது படி இறங்கும்போதே முடிவாகியிருந்தது. அத்தை வெளியே வரும் வரை எதிரே நிற்பேன். திட்டினாலும் சரி, பார்க்காமல் போனாலும் சரி, பின்னாலேயே போவேன். தெருவைக் கடந்தேன். எதிரே சுக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் மூட்டை இறக்குகிறவர் ஒரு சாக்கைத் தட்டிக் காட்டி, “இரிக்கு மோளே” என்றார். நான் உட்காரவில்லை. செருப்பின் அடியில் சர்பத் தரையோடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.