பட்டை இல்லாத பிரதி

துணிக்கடைக்காரருக்கு இரண்டு குணம். பழைய ஜப்பானியப் புகைப்படப் புத்தகம் என்றால் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் எந்தச் சரக்கையும் குறை சொல்லாமல் கையில் வாங்கமாட்டார்.

முதல் குணத்தால் மகள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று இவர் ஒரு புத்தக ஏலத்தில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். தாத்தா பாட்டி முகம் தெரியாது.

அந்த மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்றதும் மனைவி காலையிலேயே வாய்ப்பூட்டுப் போட்டாள்.

"அவளா இறங்கி வர்றா. இன்னைக்கு ஒரு நாள் கடை வாயைக் கடையிலயே வைங்க. பேத்தியைப் பார்க்காமலே நான் போய்ச் சேரணுமா?"

"ஊமை வேஷம் போடச் சொல்றியா?"

"போட்டா புண்ணியம்."

மகள் தனியாகத்தான் வந்தாள். முதலில் ஆழம் பார்ப்பது அந்தக் குடும்பத்து ரத்தம். அலுவலக வேலையாக ஜப்பான் போயிருந்தாளாம். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

அவர் வாழ்நாளெல்லாம் தேடிய புத்தகம். மீன்சந்தை, மழை, ரயில் நிலையத் தரையில் தூங்கும் மனிதர்கள். கரியை அரைத்துப் பூசினாற்போல் கறுப்பு. அட்டையின் முனைகூட மழுங்கவில்லை. 'நல்லாருக்கும்மா' என்றால் போதும், அடுத்த வாரம் பேத்தி வந்துவிடுவாள். அந்தச் சொல் அவர் தொண்டை வரை வந்தது.

"பட்டை எங்கே?"

"என்ன பட்டை?"

"அட்டையைச் சுத்தி ஒரு காகிதப் பட்டை இருக்குமே."

"அதுவா? விளம்பரம் மாதிரி ஏதோ இருந்துச்சு. ஓரம் கிழிஞ்சிருந்தது, அசிங்கமா இருக்கேன்னு அங்க ஓட்டல் ரூம்லயே கழட்டிப் போட்டுட்டேன்."

"போட்டுட்டியா. அது இருந்தாத்தான் முழுப் பிரதி. இது அரைதான்."

மனைவி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல ஒரு புத்தகத்தையாவது தொட விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள் மகள். "கையில எண்ணெய், கையில எண்ணெய்னு விரட்டுனீங்க."

"தப்புன்னு சொல்லலையே. உள்ளதைச் சொன்னேன்."

"சரிங்க. சரக்கு பிடிக்கல. எடுத்துக்கிறேன்."

புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"இரு. இப்பவே கூப்பிட்டா நம்ம பிடி போச்சு. தெருமுனையில திரும்பிப் பார்ப்பா பாரு."

கடையில் இந்தக் கணக்கு பொய்த்ததே இல்லை. ஆனால் போகிறவளும் அதே கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவள். திரும்பவில்லை. அன்றிலிருந்து மனைவி சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

சில நாள் கழித்துப் புத்தகத் தரகர் கூப்பிட்டார். "முதலாளி, நீங்க தேடினது என் கைக்கு வந்திருக்கு. பட்டைதான் இல்ல."

"யார் கொடுத்தது?"

"ஒரு அம்மா. விலையே பேசல. யாருக்கு வேணும்னாலும் கொடுங்க, சும்மாகூடக் கொடுங்கன்னாங்க."

"அப்ப எனக்கு எடுத்து வை."

தரகர் இருமினார். "உங்க ஒருத்தருக்கு மட்டும் கூடாதாம் முதலாளி. எழுதி வாங்கிட்டுப் போயிருக்காங்க."



"சும்மா சொல்லுவாங்க," என்றார் துணிக்கடைக்காரர். "கடைசி விலை என்னன்னு கேளு."