சட்டைக்கு அளவெடுத்த மாலை

இருபது வருடம் கிரிமினல் வக்கீல், இப்போது இரண்டு வருடமாக மந்திரி. பொய் பேசியே பிழைத்தவன் என்று என் மனைவி கேலி செய்வாள். அவளுக்கு என்ன தெரியும்? என்னைத் தின்பது நான் சொன்ன பொய் இல்லை. சொல்லாமல் விட்ட ஒரு உண்மை.

எங்கள் ஊருக்கு நடுவில் ஒரு பாலம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கடை வேறு, பள்ளிக்கூடம் வேறு, ஓட்டும் வேறு. ஆனால் என் கறுப்புக் கோட்டுகளைத் தைத்த டெய்லர் அந்தப் பக்கத்துக்காரர். அவர் வெட்டினால்தான் என் தொப்பை தெரியாது, அதனால் விடவில்லை. கட்சியில் சேர முடிவானதும், வெள்ளைச் சட்டைக்கு அளவெடுக்க அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு மணிக்கு முன்பே வந்தவர், ஊரில் திடீரென்று மூண்ட கலவரத்தில் பஸ் நின்றுபோனதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்னோடுதான் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில்தான் பாலத்தடியில் ஒரு மரக்கடை எரிந்தது. அதில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் போலீஸ் அள்ளிக்கொண்டு போனவர்களில் டெய்லரும் ஒருவர்.

சாட்சிக் கூண்டில் ஏறி நான் ஒரு வரி சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பக்கத்து ஆளுக்குச் சாட்சி சொன்னவனுக்கு எந்தக் கட்சி சீட்டு கொடுக்கும்? கேஸ் நடத்துவது தொழில், அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வக்காலத்து போட்ட வக்கீல் அதே வழக்கில் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பீஸ் வேண்டாம், நானே வாதாடுகிறேன் என்று ஜெயிலுக்கே போய்ச் சொன்னேன். கேட்டவர்கள் என் பெரிய மனதைப் புகழ்ந்தார்கள்.

"என் வீட்ல இருந்தீங்கன்னு மூச்சு விடாதீங்க. சொன்னா நான் சாட்சி ஆயிடுவேன், அப்புறம் உங்களுக்காக வாதாட முடியாது. சம்சாரத்துக்கிட்டகூட சொல்லாதீங்க" என்றேன்.

"சரிங்கய்யா. நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்றார்.

தேர்தல் வந்ததும் வழக்கை ஜூனியர் தலையில் கட்டிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனேன். நான் ஜெயித்தேன். அவருக்குப் பத்து வருடம். அப்பீல் இன்னும் நிலுவையில் இருக்கிறது. வழக்கை விட்டுவிட்டதால் இப்போது நான் சாட்சி சொல்ல எந்தத் தடையும் இல்லை. என்னைத் தவிர.

நேற்று மனு வாங்கும் நாள். வரிசையில் டெய்லரின் மனைவி நின்றாள். உட்காரச் சொன்னேன். காசு வாங்காமல் வாதாடினேன் என்று முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு பரோல் மனுவை மேசையில் வைத்தாள். மகள் கல்யாணத்துக்கு அவரை ஒரு வாரம் வெளியே விட வேண்டும். நான் பேனாவைத் திறந்தேன்.

"இருங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு சாயங்காலம் எங்க போனீங்கன்னு அவருகிட்ட கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சுட்டேன். அவரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு. கொளுத்தப் போகலன்னா எவ வீட்லயோ இருந்திருக்காருன்னு எங்கண்ணன் சொல்றான். மாப்பிள்ளை வீட்லயும் கேக்கறாங்க. வக்கீல் உங்ககிட்ட சொல்லியிருப்பாரில்ல?"

கதவுக்கு வெளியே கட்சிக்காரர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'என் வீட்டில்தானம்மா இருந்தார்' என்ற மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வெட்கமாக இருந்தது, பயமும் இருந்தது. பயம்தான் ஜெயித்தது.

"என்கிட்டயும் சொல்லலம்மா."



"வக்கீல்கிட்டகூட சொல்ல முடியாத இடம்னா, அது அந்த மாதிரி இடம்தான்" என்றாள். மேசையிலிருந்த மனுவை எடுத்து நாலாக மடித்தாள். "கல்யாணத்துக்கு அவரு வரவேணாங்கய்யா."